கார்ட்டூன் டயலாக் எல்லாம் ஒப்பிக்கிறான், பேர் என்னன்னு இங்கிலீஷ்ல கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறான்

கேள்வி: வணக்கம் மேடம். என் பையனுக்கு அஞ்சரை வயசு. வீட்ல எல்லாரும் தமிழ்தான் பேசுவோம், எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், பேச தயக்கம். பையன் சின்ன வயசுலயே பழகட்டும்னு மஸ்ஸி கார்ட்டூன் போட்டு விட்டேன், பச்சை கலர்ல ஒரு பெரிய உருவம் கடிகாரம் எல்லாம் தின்னுமே, அது. மூணு மாசமா தினம் ஒரு மணி நேரம் பாக்குறான். டயலாக் எல்லாம் அப்படியே, அந்த ராகத்தோட ஒப்பிக்கிறான். ஆனா அவங்க அப்பா போன வாரம் "வாட் இஸ் யுவர் நேம்"னு கேட்டதுக்கு முழிச்சுக்கிட்டு நிக்குறான். "கிளிப்பிள்ளை மாதிரி சொல்றான், ஒண்ணும் புரியல, நிறுத்து"ன்னு அவர் சொல்றாரு. தமிழ்ல வாய் மூடாம பேசுற பையன் மேடம். நான் ஒவ்வொரு வரிக்கும் தமிழ்ல அர்த்தம் சொல்லிக் குடுக்கணுமா? என் உச்சரிப்பு தப்பா இருந்தா அவனுக்கும் அது ஒட்டிக்குமா? ஒன்றரை வயசு தங்கச்சியும் கூடவே உக்காந்து பாக்குறா, அவளுக்கு இன்னும் சீக்கிரமா வந்துடுமா? ரெண்டாவது பாகமும் வாங்கலாமான்னு இருக்கேன்.

பதில்: உங்க லெட்டரை படிச்சதும் முதல்ல உங்க வீட்டுக்காரர் கேட்ட கேள்வியிலேருந்தே ஆரம்பிக்கலாம்னு தோணுச்சு. நான் சின்னப் பசங்களுக்கு இங்கிலீஷ் ஆரம்பப் பாடம் எடுக்குறவ, அந்த வயசு பசங்களுக்கு சொல்லிக் குடுக்குற டீச்சர்களுக்கு பயிற்சியும் குடுக்குறேன், இந்த "நிறைய ஒப்பிக்கிறான், கேட்டா முழிக்கிறான்" கம்ப்ளெய்ன்ட் வராத வாரமே கிடையாது. பையன் மேலயும் தப்பில்ல, கார்ட்டூன் மேலயும் தப்பில்ல. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, மூணு மாசமா அவன் பாத்ததுல யார் யார் பேசுறாங்க? ராஜா பேசுறாரு, ராணி பேசுறாங்க, தோட்டக்காரன் பாப் பேசுறான், இளவரசி சில்வியா பேசுறா. ஒரு கேரக்டர் கேள்வி கேட்டா இன்னொரு கேரக்டர்தான் பதில் சொல்லுது. உங்க பையனோட முறை ஒரு தடவை கூட வரவே இல்ல. மூணு மாசம் முழுக்க மத்தவங்க பேசுறத மட்டும் கேட்டுட்டு இருந்த பையன்கிட்ட திடீர்னு ஒரு நாள் அப்பா எதிர்ல நின்னு பரீட்சை மாதிரி கேட்டா முழிக்காம என்ன பண்ணுவான், பெரியவங்களே அப்படித்தான் முழிப்போம்.

ஆக நான் சொல்லப் போறது இதுதான். கார்ட்டூனை நிறுத்த வேணாம், பாக்குற நேரத்தை குறைங்க, ஸ்க்ரீனை அணைச்சப்புறம் பத்து நிமிஷம் அவனுக்கு பேசுற முறை வர்ற மாதிரி பண்ணுங்க. அந்த பத்து நிமிஷம் இல்லாம எத்தனை பாகம் வாங்கிப் போட்டாலும் இதே இடத்துலதான் நிப்பீங்க.

ஒப்பிக்கிறத கேவலமா பேசாதீங்க, முதல்ல இத உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. ரெண்டாவது மொழி பழகுற குழந்தைங்க வார்த்தை வார்த்தையா அடுக்கி வாக்கியம் கட்ட மாட்டாங்க, முழு வாக்கியத்தை ஒரே கட்டியா முழுங்கி வச்சுக்குவாங்க, அப்புறம் அதை உடைப்பாங்க. இதைப் பத்தி லில்லி வாங் ஃபில்மோர்ங்கிற ஆராய்ச்சியாளர் 1976-ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல பண்ண ஆராய்ச்சி இந்த துறையில இருக்குற எல்லாருக்கும் தெரியும். ஸ்பானிஷ் பேசுற அஞ்சு குழந்தைங்க இங்கிலீஷ் பேசுற பசங்களோட விளையாடுறப்ப எப்படி இங்கிலீஷ் கத்துக்குறாங்கன்னு கூடவே இருந்து கவனிச்சாங்க. அதுல நோரான்னு ஒரு பொண்ணு (ஆராய்ச்சிக்காக வச்ச பேரு) "ஹவ் டு யூ டு தீஸ்"னு ஒரு வாக்கியத்தை எங்கேயோ பிடிச்சுக்கிட்டா. முதல்ல அதை அப்படியே எல்லா இடத்துலயும் போட்டா, பொருந்துதோ இல்லையோ. கொஞ்ச நாள் கழிச்சு அதோட வால்ல வேற வேற வார்த்தையை ஒட்ட ஆரம்பிச்சா. அப்புறம் "ஹவ் டு யூ" வரைக்கும் வச்சுக்கிட்டு மிச்சத்த மாத்துனா. கடைசியில "ஹவ் டிட் யூ மேக் இட்"ங்கிற அளவுக்கு அந்த கட்டி துண்டு துண்டா உடைஞ்சு அவளோட சொந்த சரக்கா ஆயிடுச்சு. அஞ்சு பேர்ல வேகமா முன்னேறினது அந்த நோராதான். உங்க பையன் இப்ப கட்டியை முழுங்குன கட்டத்துல இருக்கான், உடைக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. நோராவுக்கு கூட விளையாட ஒரு ஃப்ரெண்ட் இருந்தா, தப்பா சொன்னாலும் விளையாட்டு நடந்துச்சு. உங்க பையனுக்கு டிவி மட்டும்தான் இருக்கு.

நீங்க தேர்ந்தெடுத்த சீரிஸ் நல்ல சீரிஸ்தான், அதையும் சொல்லிடுறேன். மஸ்ஸி இன் கோண்டோலாண்ட் பிபிசி 1986-ல இங்கிலீஷ் சுத்தமா தெரியாத குழந்தைங்களுக்குன்னே எடுத்தது. இங்க ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு, நிறைய பேர் இதை கவனிக்கிறது இல்ல. பெப்பா பிக் மாதிரி சீரிஸ் எல்லாம் ஏற்கனவே வீட்ல இங்கிலீஷ் பேசுற குட்டிப் பசங்களுக்காக எடுத்தது, அதுல பேசுறது சாதாரண வீட்டுப் பேச்சு வேகம், ஒரு நிமிஷத்துல பத்து விஷயம் வந்துட்டுப் போகும். இங்கிலீஷே தெரியாத குழந்தை அதைப் பாத்தா படத்தைப் பாத்து சிரிக்கும், காதுல சத்தம் மட்டும் ஓடும். அதைப் பாக்கக் கூடாதுன்னு சொல்லல, ஒரு வருஷம் கழிச்சு தாராளமா பாக்கட்டும். மஸ்ஸி அப்படி இல்ல. ஒவ்வொருத்தரா வந்து "ஐ ஆம் பாப்", "ஐ ஆம் ஸ்ட்ராங்", "ஐ ஆம் பிரேவ்"னு தன்னைப் பத்தி சொல்லிக்குவாங்க, அதே "ஐ ஆம்" திரும்பத் திரும்ப வேற வேற வாயிலேருந்து வரும். நடுநடுவுல நார்மன்னு ஒருத்தன் வந்து கதையை நிறுத்திட்டு அதே வாக்கியத்தை எடுத்து விளையாடிக் காட்டுவான். வார்த்தை கம்மி, திருப்பி வர்றது ஜாஸ்தி. இதுக்கு மேல கதையும் இருக்கு. பாப்பும் சில்வியாவும் மோட்டார்பைக்ல ஓடிப் போறது, கார்வாக்ஸ்ங்கிற வில்லன் பொறாமையில மாட்டி விடுறது, பாப்பை ஜெயில்ல போடுறது, பார்க்கிங் மீட்டரை தின்னுட்டு அதே ஜெயிலுக்கு மஸ்ஸியும் வர்றது, கார்வாக்ஸ் கம்ப்யூட்டரை வச்சு ஒரு சில்வியாவுக்கு பதிலா கூட்டம் கூட்டமா சில்வியாவை உருவாக்குறது, இதெல்லாம் அடுத்து என்ன ஆகுமோன்னு பாக்க வைக்கும். வெறும் கலர் பேரும் மிருகம் பேரும் சொல்லிட்டுப் போற வீடியோவுக்கும் இதுக்கும் இதுதான் வித்தியாசம், பாப் ஜெயில்லேருந்து வெளிய வரணுமேன்னு குழந்தைக்கு கவலை வந்துடும், கவலை வந்தா காது தானா திறக்கும்.

இன்னொண்ணு, சும்மா தகவலுக்கு. இதே கார்ட்டூனை பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், இத்தாலியன்லயும் டப் பண்ணி அமெரிக்காவுல இங்கிலீஷ் பேசுற குடும்பங்களுக்கு டிவி விளம்பரம் போட்டு வித்தாங்க. அந்த விளம்பரத்துலயும் குழந்தைங்க பிரெஞ்சு வசனத்தை கடகடன்னு சொல்லுங்க. பாத்த எத்தனையோ அப்பா அம்மா உங்கள மாதிரியே வாங்கிப் போட்டுட்டு, குழந்தை தானா பேசிடும்னு காத்துட்டு இருந்திருப்பாங்க. வசனம் சொல்றதும் பேசுறதும் வேற வேற, எந்த மொழியா இருந்தாலும்.

சரி, இப்ப நேரத்துக்கு வருவோம். தினம் ஒரு மணி நேரம் ஜாஸ்தி. கண்ணுக்காக மட்டும் சொல்லல, ஒரு மணி நேரத்துல கதையில ரொம்ப தூரம் போயிடுவான், எதுவும் ஒட்டாது. ஒரு சின்னப் பகுதி, அஞ்சாறு நிமிஷம், அதையே ஒரு வாரம் முழுக்க போடுங்க. போர் அடிக்கும்னு நமக்குத்தான் தோணும், குழந்தைக்கு அப்படி இல்ல. அமெரிக்காவுல 1996-ல ப்ளூஸ் க்ளூஸ்னு ஒரு ப்ரீஸ்கூல் சீரிஸ் வந்துச்சு, அதுல ஒரே எபிசோடை திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு நாளும் போட்டாங்க, டிவி உலகத்துல யாரும் செய்யாத வேலை. குழந்தைங்க ஓடிப் போகல. முதல் நாள் வாயைப் பொளந்து பாத்துட்டு இருந்த குழந்தைங்க நாள் ஆக ஆக டிவியைப் பாத்து கத்தி பதில் சொல்ல ஆரம்பிச்சாங்க, புரிஞ்சுக்கிட்டதும் அதிகமாச்சுன்னு அந்த சமயத்துலயே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. அந்த சீரிஸ்ல வர்ற ஆள் கேள்வி கேட்டுட்டு சும்மா நின்னு காத்துட்டு இருப்பாரு, குழந்தை பதில் சொல்ல இடம் விட்டு. உங்க கார்ட்டூன் அவ்வளவு நேரம் நிக்காது, அதனால அந்த இடத்தை ரிமோட்டை வச்சு நீங்க விடணும்.

எப்படின்னா, முதல் நாள் ஒண்ணும் பண்ணாதீங்க, கூட உக்காந்து பாருங்க, சிரிங்க, அவ்வளவுதான். நடுவுல நிறுத்தி பாடம் எடுத்தா அவனுக்கு எரிச்சல்தான் வரும். ரெண்டாவது மூணாவது நாள், அவனுக்கு நல்லா தெரிஞ்ச ஒரே ஒரு வரி வர்றதுக்கு முன்னாடி பாஸ் போடுங்க. ராஜா நெஞ்சை நிமித்திட்டு வாயைத் திறக்குறாரு, நிறுத்துங்க, அவனைப் பாருங்க, எதுவும் கேக்காதீங்க. பெரும்பாலான பசங்க தானா சொல்லிடுவாங்க "ஐ ஆம் ஸ்ட்ராங்"னு. உடனே ப்ளே போடுங்க, ராஜா அதையே சொல்லுவாரு, பையனுக்கு தலைகால் புரியாது சந்தோஷத்துல. சொல்லலைன்னா மூணு நாலு செகண்ட் பாத்துட்டு ப்ளே போட்டுடுங்க, "சொல்லு சொல்லு"ன்னு பிடுங்காதீங்க. நாலாவது நாள் சவுண்டை அணைச்சுட்டு அவனை டப்பிங் பண்ணச் சொல்லுங்க, நீங்க ராணி, அவன் ராஜா. ஒரு எபிசோடுக்கு ரெண்டு இடம் போதும், எல்லா இடத்துலயும் நிறுத்துனா கார்ட்டூன் ஸ்கூல் ஆயிடும், அப்புறம் அதையும் பாக்க மாட்டான்.

அப்புறம் டிவியை அணைச்சுட்டு வர்ற அந்த பத்து நிமிஷம். இங்கதான் வேலையே.

அவன் பழைய ஷூவையோ பையையோ தூக்கட்டும், தூக்கிட்டு "ஐ ஆம் ஸ்ட்ராங்" சொல்லட்டும். இது வரைக்கும் ஒப்பிக்கிறதுதான். இப்ப நீங்க அதே பையை தூக்குற மாதிரி நடிச்சு, முடியாம கீழ போட்டு, சோகமா முகத்தை வச்சுக்கிட்டு "ஐ ஆம் நாட் ஸ்ட்ராங்"னு சொல்லுங்க. இந்த "நாட்" உள்ள வந்ததும் அவன் காது நிமிரும் பாருங்க, ஏன்னா அது கார்ட்டூன்ல அந்த இடத்துல வராத ஒண்ணு. அடுத்து அவன் மேசை மேல ஏறி நின்னா "ஐ ஆம் பிக்", கீழ குந்தினா "ஐ ஆம் ஸ்மால்". பொம்மையை எடுத்து அதுக்கு குரல் குடுங்க. இப்படி ஒரே வாக்கிய அமைப்புல ஒரு வார்த்தையை மட்டும் மாத்தி மாத்திப் போடணும், புது இலக்கணம் ஒண்ணும் வேணாம்.

இல்லன்னா ஒரு பழைய சாக்ஸை கையில மாட்டிக்கிட்டு அதுதான் மஸ்ஸின்னு வச்சுக்கங்க, பசங்களுக்கு ரொம்ப பிடிச்ச விளையாட்டு இது. வீட்ல இருக்குற பொம்மை கடிகாரம், பந்து, சீப்பு, புஸ்தகம் எல்லாத்தையும் தரையில பரப்பி வைங்க. சாக்ஸ் மஸ்ஸி வந்து "ஐ லைக் க்ளாக்ஸ்"னு சொல்லி கடிகாரத்தை லபக்குன்னு கவ்வணும். அப்புறம் பந்துகிட்ட போய் மோந்து பாத்து தயங்கணும், நீங்க "டு யூ லைக் பால்ஸ்?"னு மஸ்ஸிகிட்ட கேக்கணும், மஸ்ஸி "நோ!"ன்னு துப்பணும். ரெண்டு மூணு ரவுண்டுக்கு அப்புறம் சாக்ஸை அவன் கையில மாட்டி விட்டுடுங்க. இப்ப கேள்வி கேக்குறது நீங்க, பதில் சொல்றது அவன், ஆனா அவன் பேசல, மஸ்ஸி பேசுது. கூச்சப்படுற பசங்களுக்கு இந்த ஒளிஞ்சுக்கிற இடம் ரொம்ப முக்கியம். ஒரு நாள் நீங்க சொல்லிக் குடுக்காமலேயே அவன் எதையாவது காட்டி "ஐ லைக் ஷூஸ்"னு சொல்லுவான், கார்ட்டூன்ல அவன் கேட்ட வரியா இருக்காது, அவனே செஞ்ச வாக்கியம். அன்னிக்குத்தான் நீங்க காலண்டர்ல குறிச்சு வைக்கணும், டயலாக் ஒப்பிச்ச நாளை இல்ல. "ஐ லைக் ஷூ"ன்னு சொன்னாலும் பரவாயில்ல, திருத்தாதீங்க, "ஓ, யூ லைக் ஷூஸ்! மீ டூ"ன்னு நீங்க சரியா திருப்பி சொல்லிட்டு விளையாட்ட தொடருங்க, அது போதும்.

பேர் கேக்குறதையும் இப்படியே கொண்டு வாங்க. வாசல் கதவுக்கு வெளிய நீங்க நின்னுக்கிட்டு தட்டுங்க, அவன் உள்ள இருந்து "ஹூ ஆர் யூ?"ன்னு கேக்கணும், நீங்க "ஐ ஆம் கார்வாக்ஸ்"னு குரலை மாத்தி சொன்னா அவன் கதவைத் திறக்க மாட்டான், "ஐ ஆம் மஸ்ஸி"ன்னா திறப்பான். அப்புறம் இடம் மாறி அவன் வெளிய, நீங்க உள்ள. நாலஞ்சு நாள் கழிச்சு உங்க இடத்துல அப்பாவை உள்ள நிக்க வைங்க, "ஹூ ஆர் யூ?"வோட "வாட் இஸ் யுவர் நேம்"னும் அவர் கேக்கட்டும். அவர் கேட்ட அதே கேள்விக்கு விளையாட்டுல பதில் வந்துடும், அவருக்கும் சமாதானம் ஆயிடும். பையன் பேச ஆரம்பிக்க இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆனாலும் பயப்படாதீங்க, புது மொழியில கொஞ்ச காலம் வாயைத் திறக்காம கேட்டுட்டே இருக்குற கட்டம் நிறைய குழந்தைங்களுக்கு வரும். "கதவை மூடு"ன்னு இங்கிலீஷ்ல சொன்னா போய் மூடுறானா, "வேர் இஸ் த பால்"னா திரும்பி பந்தைப் பாக்குறானா, இதை கவனிங்க, உள்ள போயிட்டு இருக்கான்னு அதுலயே தெரிஞ்சுடும்.

சொந்தக்காரங்க வந்தா "டேய் அந்த டயலாக் சொல்லிக் காட்டு"ன்னு நிறுத்தி வைக்கிறத மட்டும் தயவு செஞ்சு விட்டுடுங்க. கைதட்டலுக்கு சொல்ல ஆரம்பிச்சா அது மேடை ஐட்டம் ஆயிடும், அப்புறம் அந்த வரியை மாத்திப் பேச அவனுக்கே மனசு வராது. சரியா சொல்லணுமேங்கிற பயம் வேற சேந்துக்கும்.

தமிழ்ல அர்த்தம் சொல்ற விஷயம். வரிக்கு வரி வேணாம். ஒவ்வொரு தடவையும் நீங்க தமிழ்ல சொல்லுவீங்கன்னு தெரிஞ்சா அவன் இங்கிலீஷைக் கேக்குறதயே விட்டுட்டு உங்க வாயைப் பாத்துட்டு இருப்பான், எந்தப் பையனும் சுலபமான வழியைத்தான் எடுப்பான். அதுக்காக தமிழே கூடாதுன்னு அர்த்தம் இல்ல. எபிசோட் பாக்குறதுக்கு முன்னாடி கதையை தமிழ்ல சுவாரசியமா சொல்லிடுங்க, "இன்னிக்கு பாப் ஜெயிலுக்குப் போகப் போறான், அங்க ஒரு பெரிய ஆள் வரப் போறான்"னு. கதை தெரிஞ்சிருந்தா வசனத்தோட அர்த்தத்தை அவனே ஊகிச்சுக்குவான், அந்த ஊகம்தான் மனசுல நிக்கும். அவனா வந்து இதுக்கு என்னம்மா அர்த்தம்னு கேட்டா நேரா சொல்லிடுங்க, "நீயே கண்டுபிடி"ன்னு இழுத்தடிக்காதீங்க.

உங்க உச்சரிப்பு பத்தி ரொம்ப பயந்து எழுதியிருக்கீங்க, அந்த பயம் வேணாம். குழந்தைங்க உச்சரிப்பை அம்மாகிட்டேருந்து மட்டும் எடுக்குறது இல்ல. வேற ஊருக்கு குடி போன குடும்பங்கள்ல பாத்தீங்கன்னா அப்பா அம்மா ஒரு மாதிரி பேசுவாங்க, குழந்தை கூட படிக்கிற பசங்க மாதிரி பேசும், இது உலகம் முழுக்க நடக்குறதுதான். உங்க பையன் காதுல கார்ட்டூன் குரல் இருக்கு, நாளைக்கு டீச்சர் குரல், ஃப்ரெண்ட்ஸ் குரல் எல்லாம் வரும். உங்ககிட்ட அவன் எடுத்துக்கப் போறது உச்சரிப்பு இல்ல, தைரியம். அம்மாவே தப்பு விட்டுட்டு சிரிச்சுக்கிட்டே அடுத்த வரிக்குப் போறாங்கன்னு பாத்தா அவனும் வாயைத் திறப்பான். நீங்களே கூட கார்ட்டூனைக் கேட்டு அவன் முன்னாடி "அந்த ராணி எப்படி சொன்னா, எனக்கு வரலையே, நீ சொல்லு"ன்னு கேளுங்க, அவன் உங்களுக்கு டீச்சர் ஆயிடுவான்.

ஆனா ஒரு விஷயத்துல உறுதியா இருங்க. இங்கிலீஷ் வரணும்னு வீட்டுப் பேச்சையே தட்டுத் தடுமாறுற இங்கிலீஷுக்கு மாத்திடாதீங்க. சில வீட்ல நாள் முழுக்க "கம்", "சிட்", "ஈட்", "கோ"ன்னு நாலே வார்த்தையில குழந்தையை வளக்குறாங்க, பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். ஏன், எப்படி, நேத்து என்ன ஆச்சு, நாளைக்கு என்ன பண்ணலாம்னு பெரிய பெரிய வாக்கியத்துல குழந்தை யோசிக்கப் பழகுறது வீட்டு மொழியிலதான். உங்க பையன் தமிழ்ல வாய் மூடாம பேசுறான்னு எழுதியிருக்கீங்களே, அவன்கிட்ட இருக்குற பெரிய சொத்து அது. இங்கிலீஷுக்கு அந்த பத்து நிமிஷ விளையாட்டு, மிச்ச நேரம் முழுக்க தமிழ்ல கதை அடிங்க.

இந்த இடத்துல மத்த வாசகர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். சில குழந்தைங்க வீடியோ வசனத்தை முழுசா ஒப்பிப்பாங்க, ஆனா வீட்டு மொழியிலயும் தனக்கு வேணும்ங்கிறத கேக்க மாட்டாங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க, மத்த பசங்களோட சேந்து விளையாட மாட்டாங்க. அப்படி இருந்தா அது இங்கிலீஷ் பிரச்சனையே இல்ல, எந்த சீரிஸ் போடலாம்னு என்கிட்ட கேட்டுட்டு இருக்காம குழந்தைகள் டாக்டர்கிட்டயும் பேச்சுப் பயிற்சி நிபுணர்கிட்டயும் காட்டணும், காதும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். சீக்கிரம் போனா நல்லது. உங்க பையனுக்கு இது எதுவும் இருக்குற மாதிரி நீங்க எழுதினதுல தெரியல.

குட்டிப் பொண்ணு விஷயம். அவளுக்கு சீக்கிரமா வந்துடும்னு நினைச்சு உக்கார வைக்கிறீங்கன்னா, வராது. பாட்ரிஷியா குல்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் 2003-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. இங்கிலீஷ் பேசுற வீட்டுல வளர்ற ஒன்பது மாசக் குழந்தைங்களுக்கு சீன மொழியை கேக்க வச்சாங்க. சில குழந்தைங்களோட ஒரு ஆள் நேர்ல உக்காந்து புஸ்தகம் காட்டி, பொம்மை காட்டி பேசுனாங்க, மொத்தம் பன்னெண்டு தடவை. வேற சில குழந்தைங்களுக்கு அதே ஆட்கள் பேசுறதையே டிவியில போட்டுக் காட்டினாங்க, அதே அளவு நேரம். நேர்ல கேட்ட குழந்தைங்க அந்த மொழியோட சத்தங்களை பிரிச்சு கண்டுபிடிச்சாங்க. டிவியில கேட்டதுங்க ஒரு நாளும் சீன மொழியே கேக்காத குழந்தைங்க மாதிரியே இருந்துச்சுங்க, துளி வித்தியாசம் இல்ல. டிவியையும் அதுங்க ஆர்வமா பாத்துச்சுங்க, அதான் கவனிக்க வேண்டிய விஷயம், ஆர்வமா பாக்குறாளேன்னு நாம ஏமாந்துடக் கூடாது. உலக சுகாதார அமைப்பு 2019-ல சொன்ன கணக்குப்படி ஒரு வயசுக் குழந்தைக்கு ஸ்க்ரீனே வேணாம், ரெண்டு வயசுலேருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாது, அதுலயும் கம்மியா இருந்தா இன்னும் நல்லது. அண்ணன் பாக்குற அஞ்சாறு நிமிஷத்துக்கு அவ அந்தப் பக்கம் ஓடினா உலகம் அழிஞ்சுடாது, அதுக்காக அவளை தூக்கிட்டு வந்து உக்கார வைக்காதீங்க. சாக்ஸ் மஸ்ஸி விளையாடுறப்ப அவளையும் சேத்துக்குங்க, அவளுக்கு கிடைக்கப் போற இங்கிலீஷ் அதுலதான் இருக்கு. அண்ணன்காரன் அவகிட்ட "டு யூ லைக் க்ளாக்ஸ்?"னு கேக்குற நாள் வந்தா அவனுக்கும் பேச ஒரு ஆள் கிடைச்ச மாதிரி ஆச்சு.

ஆக்சென்ட் பத்தியும் ஒரு வார்த்தை, நீங்க கேக்கல, ஆனா அந்த ராகத்தோட சொல்றான்னு எழுதியிருக்கீங்க. ராகம் நல்லதுதான், வாக்கியம் எங்க ஏறி எங்க இறங்குதுன்னு காது பிடிச்சிருக்கு. யாரும் கிண்டல் பண்ணாம பாத்துக்குங்க, அவ்வளவுதான்.

ரெண்டாவது பாகம், மஸ்ஸி கம்ஸ் பேக், 1989-ல வந்தது. அதுல பாப்புக்கும் சில்வியாவுக்கும் குழந்தையே பிறந்துடும், அமான்டான்னு பேரு, அந்தக் குழந்தையை கார்வாக்ஸ் தூக்கிட்டுப் போறதுதான் கதை. வாக்கியமும் முதல் பாகத்தை விட நீளம். இப்ப வாங்க வேணாம். முதல் பாகத்துலேருந்து ஒரு பத்து பதினஞ்சு வரியை உங்க பையன் தானா மாத்திப் போட்டுப் பேசுறானான்னு பாருங்க, டிவி பக்கத்துல இல்லாதப்ப, விளையாட்டுல, சும்மா இருக்கும்போது. அது நடந்துச்சுன்னா வாங்குங்க. நடக்கலைன்னா அந்தக் காசை பத்திரமா வச்சுக்கிட்டு முதல் பாகத்தோட முதல் எபிசோடையே திரும்பப் போடுங்க, இந்த தடவை ரிமோட் உங்க கையில இருக்கட்டும்.